ஆளிக்கு மணி கட்டுதல்

ஆங்கிலத்திற் ‘சுவிச்’ எனப்படுவதை ஈழத்துப் பாடநூல்கள் ‘ஆளி’ என வழங்கும். மின்விளக்கின் ஆளியை எல்லாரும் அறிவர். ஈண்டு நாம் எடுத்துக்கொண்டது வலையமைப்பு ஆளி. கணினிகளும் தொலைபேசிகளும் விடுக்கும் செய்தித் துண்டங்களை வாங்கி, அவ்வவற்றிற்குரிய வாயில்வழி அனுப்பும் பெட்டி. கணினிக் கூடத்து மூலையிற் பச்சை விளக்குகளைச் சிமிட்டிக் கொண்டிருப்பது அதுவே. அதன் தமையன்மார் தொலைத்தொடர்பு நிலையங்களில் உளர்.

அப்பெட்டி பழுதுற்றால் அறிவிப்பவர் யார்? 1891இல் ஸ்ட்ரௌஜர் காப்புரிமை பெற்ற தன்னியக்க முறையில் இயங்கிய பழைய நிலையங்களில், உருகி எரிந்தால் வரிசையின் தலைப்பில் விளக்கு ஒளிரும், மணி ஒலிக்கும், ஊழியர் எழுந்து செல்வார். இக்காலத்து ஆளிகளோ பெரும்பாலும் ஆளில்லா அறைகளில் வாழ்கின்றன. ஆதலின் 1988இல் ‘எளிய வலையமைப்பு மேலாண்மை நெறிமுறை’ என ஒன்று வகுக்கப்பட்டது. அதன்படி இருவழி உண்டு. இணைப்பு அறுந்தவுடன் ஆளி தானே செய்தி விடுத்தல் ஒன்று. மேற்பார்வைக் கணினி ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, அல்லது வேண்டிய இடைவெளியில், ஆளியை நலம் வினவுதல் மற்றொன்று.

முதல்வழி விரைவானது; எனினும் அதனையே நம்பியிருத்தல் தகாது. அம்முறையின் முதல் வடிவில் ஆளி விடுக்கும் செய்திக்குப் பெற்றுக்கொண்டமைக்கான மறுமொழி இல்லை. செய்தி வழியில் தொலைந்தால் விடுத்ததும் அறியாது, பெறவேண்டியதும் அறியாது. மின்சாரம் அற்ற கணத்தில் எஞ்சிய சிறு மின்னேற்றத்தைக் கொண்டு ‘அணைகின்றேன்’ என ஒரு சொல் விடுக்கும் கருவிகளும் உள. பொறியியலார் அதற்கு ‘இறுதி மூச்சு’ எனப் பெயரிட்டனர். நல்ல பெயர்தான். ஆயினும் கம்பி முன்னரே அறுந்திருப்பின் அம்மூச்சும் எவர் செவிக்கும் எட்டாது. வினவியபோது விடை வாராமை ஒன்றே அப்போது அபாய அறிவிப்பாகும். 2025 நவம்பரில் டித்வா சூறாவளியின்போது மலையகத்திற் பல இடங்களில் மின்சாரமும் தொலைபேசியும் ஒருங்கே அற்றுப்போயின. செய்தி வாராமையை நலமெனக் கொள்வதன் கேட்டை நம் மலைப்பகுதியார்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

இனி, எந்த அளவில் மணி ஒலிக்க வேண்டும்? நமக்குப் பழகிய உவமை ஒன்றுண்டு. தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனம் மண்சரிவு முன்னறிவிப்புக்கு 24 மணி நேர மழையை 75, 100, 150 மில்லிமீற்றர் என மூன்று படிகளாகக் கொள்கின்றது: விழிப்பு, ஆயத்தம், வெளியேற்றம். ஆளிக்கும் இவ்வாறே படிகள் அமைத்தல் வேண்டும். சிறு தூறலுக்கெல்லாம் வெளியேறச் சொன்னால் பெருமழையன்று எவரும் வெளியேறார்.

படியின் விளிம்பிலும் ஒரு நுட்பம் உண்டு. இணைப்பின் சுமை நூற்றுக்கு 80ஐத் தாண்டினால் மணி ஒலிக்குமாறு அமைத்தோமெனின், சுமை 79க்கும் 81க்கும் இடையே ஊசலாடும்போது மணி ஓயாது. ஆதலின் ஏறுவரம்பு 80, இறங்குவரம்பு 60 என இரண்டு வைப்பர். ஒருமுறை ஒலித்த மணி, சுமை 60க்கு இறங்கி மீண்டும் 80ஐ எட்டினாலன்றி ஒலியாது.

மாத்தளையிலிருந்து இரத்தோட்டை வழியாகக் கம்மடுவவுக்கு ஓர் இணைப்புச் செல்வதாகக் கொள்வோம். இரத்தோட்டைக்குக் கீழே கம்பி அறுந்தால் மேலுள்ள ஆளிகள் யாவும் விடையிறுக்கமாட்டா. மாத்தளையில் நாற்பது மணிகள் ஒருங்கே ஒலிக்கும். எந்த ஆளி எதனைச் சார்ந்துளது என்பதை முன்னரே எழுதிவைத்தால், கணினி முதற்கண் அறுந்த இடத்தை மட்டும் காட்டி ஏனையவற்றை அடக்கும். பலர் இவ்வேலையைப் பின்னைக்கு ஒத்திவைப்பர். நம் கருத்தில் வரம்புகளினும் இதுவே முதலிற் செய்யத்தக்கது.

மணியைக் கட்டியபின், குறித்த ஒரு நாளில் வேண்டுமென்றே ஒரு கம்பியைக் கழற்றிப் பார்த்தல் வேண்டும். கணினியில் எச்சரிக்கை தோன்றினால் மட்டும் போதாது. உரிய உத்தியோகத்தரின் தொலைபேசியும் ஒலிக்கின்றதா என்று கேட்டறிதல் வேண்டும். அவர் இடமாற்றம் பெற்று ஈராண்டு கழிந்திருக்கவும் கூடும்.