பூவார் பொழி: மணல்திட்டில் நடப்பவர்களுக்கு

அகத்தியமலையில் பிறந்து 56 கி.மீ. ஓடிவரும் நெய்யாறு இங்கே அரபிக்கடலைச் சேர்கிறது. நீங்கள் நிற்கும் மணல்திட்டு நிலையானதல்ல. கோடையில் அலைகள் மணலைக் குவித்து ஆற்றின் வாயை அடைக்கும். மழைவெள்ளம் அதை உடைத்துக்கொண்டு போகும். ஆகவே, கூடாரம் அடிக்க இது இடமல்ல. இரவு தங்குவதென்றால் மறுகரைக்குப் போய்விடுங்கள்.

குனிந்து பாருங்கள். அலை பின்வாங்கிய இடத்தில் கரிய கோடுகளாகப் படிந்திருப்பது எண்ணெய்க் கழிவல்ல; இல்மனைட் என்னும் டைட்டானியத் தாது. மலைப்பாறைகள் தேய்ந்து ஆறுகளோடு வந்தது. சாதாரண மணலைவிடக் கனம் என்பதால், லேசானதை அலை இழுத்துப்போக இது மட்டும் தங்கிவிடுகிறது. தெற்கே மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் கொண்ட மோனசைட் என்னும் தாது இருப்பதை 1909-இல் கண்டறிந்தவர் ஜெர்மன் வேதியியலாளர் ஷோம்பெர்க். அவருக்குத் துப்புக் கொடுத்தது, திருவிதாங்கூரிலிருந்து ஏற்றுமதியான கயிற்றில் ஒட்டியிருந்த மணல்!

காலி என்று நினைத்து எடுக்கும் சங்குக்குள் துறவி நண்டு குடியிருக்கலாம், அப்படியே விட்டுவிடுங்கள். பவளத்துண்டு ஒதுங்கினாலும் எடுக்காதீர்கள். பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் காவலில் உள்ளவை. கரையில் நின்று கரமடி வலை இழுப்பவர்களின் கயிற்றைத் தாண்டாதீர்கள். அலை இங்கே மூர்க்கமானது. கடலில் இறங்க வேண்டாம்.