மூணு வருஷக் கணக்கு

மதியம் இரண்டரை மணி. செஷன்ஸ் கோர்ட் வராந்தாவில் ஒரு பெண் ரேஷன் கார்டையும் வீட்டு வரி ரசீதையும் பிளாஸ்டிக் கவரில் போட்டு நெஞ்சோடு அணைத்தபடி நிற்கிறார். அவருடைய கணவரைக் குற்றவாளி என்று காலையிலேயே சொல்லிவிட்டார்கள். எத்தனை வருடம் என்பது இனிமேல்தான்.

"அண்ணே, இன்னைக்கே வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிரலாமா?"

"மூணு வருஷத்தத் தாண்டாம இருக்கட்டும்மா. தாண்டலேன்னா சாயங்காலமே வந்துருவாரு. ஜாமீன்காரங்க டீ குடிக்கப் போனாங்களே, பஸ் ஏறிராமப் பாத்துக்க" என்கிறார் வக்கீல் குமாஸ்தா.

குமாஸ்தா ஊகத்தில் பேசவில்லை. 2024 ஜூலை 1 முதல் அமலில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 430-வது பிரிவு அது. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் இதன் எண் 389. கோர்ட்டுகளில் இன்னும் பாதிப் பேர் பழைய எண்ணைத்தான் சொல்கிறார்கள். ஜாமீனில் இருந்து விசாரணையைச் சந்தித்தவருக்கு 3 வருடமோ அதற்குக் குறைவாகவோ தண்டனை கிடைத்து, அவர் அப்பீல் செய்யப் போகிறேன் என்றால், தண்டனை கொடுத்த நீதிபதியே அவரை ஜாமீனில் விடவேண்டும். விட மறுத்தால் அதற்குத் தனிக் காரணம் வேண்டும். 3 வருடத்துக்கு ஒரு நாள் கூடினாலும் அந்த நீதிபதியின் கை கட்டப்பட்டுவிடும். ஆள் அன்றிரவே ஜெயிலுக்கு; நிவாரணம் மேல்கோர்ட்டில்தான்.

இந்த மூன்று வருடக் கோட்டின் இரண்டு பக்கத்தையும் நாடே பார்த்திருக்கிறது. 2014 செப்டம்பர் 27 அன்று பெங்களூரு தனிக்கோர்ட் ஜெயலலிதாவுக்கு 4 வருடம் விதித்தது. முதலமைச்சராகக் கோர்ட்டுக்குள் போனவர் பரப்பன அக்ரஹாரா சிறைக்குப் போனார். கர்நாடக உயர் நீதிமன்றம் அக்டோபர் 7-ல் ஜாமீன் மறுக்க, 17-ல் உச்ச நீதிமன்றம்தான் கொடுத்தது. 2023 மார்ச் 23 அன்று சூரத் கோர்ட் ராகுல் காந்திக்கு 2 வருடம் விதித்தது. அப்பீலுக்காக அதே கோர்ட் அன்றே தண்டனையை 30 நாள் நிறுத்திவைக்க, அவர் டெல்லி திரும்பினார்.

ஆனாலும் மறுநாள் அவருடைய எம்.பி. பதவி போனது. தண்டனை நிறுத்திவைக்கப்பட்டதே தவிர, குற்றவாளி என்ற தீர்ப்பு அப்படியே இருந்தது. அதை நிறுத்திவைக்கத் தனியாகக் கேட்கவேண்டும், லேசில் கிடைக்காது. அவருக்கு அது ஆகஸ்ட் 4 அன்று உச்ச நீதிமன்றத்தில் கிடைத்தது. அரசு வேலையில் இருப்பவர்களுக்கும் இதுதான் தலைவலி. ஜாமீனில் வந்து வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள், டிஸ்மிஸ் ஆர்டர் வீடு தேடி வரும்.

ஒருவரைக் குற்றவாளி என்று சொன்ன பிறகு, எத்தனை வருடம் என்று முடிவு செய்யும் முன், தண்டனை பற்றி அவரிடம் தனியாகக் கேட்டாக வேண்டும். அப்படிக் கேட்காததற்காகவே 1976-ல் சாந்தா சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் மரண தண்டனையை ரத்து செய்து, தண்டனையை மட்டும் மறுபடி விசாரிக்கத் திருப்பி அனுப்பியது. நான் பார்த்த வரை அது பெரும்பாலும் ஒரு நிமிட வேலை. "ஏதாவது சொல்ல விரும்புறீங்களா?" "குடும்பத்துக்கு நான் ஒருத்தன்தான்யா." டைப்பிஸ்ட் தட்டி முடிக்கிறார். அந்த மனிதர் வாழ்ந்த விதம், வருமானம், நோய், பிள்ளைகள் எல்லாவற்றையும் காகிதத்தோடு எடுத்து வைக்கச் சட்டம் கொடுத்திருக்கும் இடம் அது. மூன்றா நாலா என்பது அங்கேதான் முடிவாகிறது என்னும்போது, வக்கீல்கள் அதை வெறுங்கையோடு தாண்டிப் போவது எனக்குப் பொறுக்கவில்லை.

அடுத்தது காப்பி. சிறைத் தண்டனை என்றால் தீர்ப்பு நகலை உடனே, இலவசமாகக் கொடுக்கவேண்டும். அது தண்டிக்கப்பட்டவரின் கைக்குப் போகும். அவரோடு ஜெயிலுக்கும் போய்விடும். வெளியே இருப்பவர்கள் காப்பி அப்ளிகேஷன் போட்டு வாங்கும் நகலின் பின்பக்கத்தில் ஒரு ரப்பர் ஸ்டாம்ப் இருக்கும்: மனுப் போட்ட தேதி, கட்டணம் கேட்ட தேதி, கட்டிய தேதி, நகல் தயாரான தேதி, கொடுத்த தேதி. தீர்ப்பின் நூறு பக்கத்தையும் விட்டுவிட்டு குமாஸ்தா முதலில் புரட்டிப் பார்ப்பது இதைத்தான். உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் செய்ய 60 நாள், மற்ற கோர்ட்டுக்கு 30 நாள். நகல் வாங்க நியாயமாகப் பிடித்த நாட்கள் இந்தக் கணக்கில் சேராது. கட்டணம் கட்டாமல் நாம் இழுத்தடித்த நாட்களுக்குக் கழிவு கிடையாது.

வக்கீலே இல்லாதவர் ஜெயிலில் இருந்தபடியே அப்பீல் மனுவைச் சிறை அதிகாரியிடம் கொடுக்கலாம். அதைக் கோர்ட்டுக்கு அனுப்புவது அவர் பொறுப்பு. ஆனால் அப்பீல் நிலுவையில் இருப்பதாலேயே கதவு திறந்துவிடாது. கடைசியில் நிரபராதி என்று தெரியப்போகிற ஒருவரை அப்பீலை விசாரிக்க நேரமில்லை என்பதற்காக ஐந்தாறு வருடம் உள்ளே வைத்திருப்பது என்ன நியாயம் என்று 1977-ல் காஷ்மீரா சிங் வழக்கில் நீதிபதி பகவதி கேட்டார். இன்றும் தண்டனையை நிறுத்திவைக்கக் கேட்கும் சஸ்பென்ஷன் பெட்டிஷன்களில் அந்த வழக்கைக் காட்டுகிறார்கள்.

நாலு மணிக்கு அந்தப் பெண்ணின் கணவரை மறுபடி கூப்பிட்டார்கள். மூன்றரை வருடம். விசாரணைக் கைதியாக ஏற்கெனவே இருந்த நாட்களைக் கழித்துக்கொள்ளலாம் என்று நீதிபதி சேர்த்து வாசித்தார். குமாஸ்தா அந்தப் பக்கம் திரும்பாமலேயே, "நாளைக்குக் காலைல காப்பி அப்ளிகேஷன் போட்டுருவோம்" என்றார். டீ குடித்துவிட்டு வந்து நின்ற ஜாமீன்காரர்கள் இருவரும், ஊருக்கு அடுத்த பஸ் எத்தனை மணிக்கு என்று வாசலில் இருந்த போலீஸ்காரரிடம் விசாரித்துக்கொண்டிருந்தார்கள்.