இரத்தக் கொதிப்பும் சிறுநீரகத்தின் கட்டளையும்

கண்மாயில் நீர் குறைந்தால் மடையை எப்போது திறப்பது, எப்போது அடைப்பது என்று முடிவு செய்பவர் நீர்பாய்ச்சி. விருதுநகர் மாவட்டத்துக் கரிசல் மண்ணில் பிறந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. நம் உடலினுள்ளும் அத்தகைய நீர்பாய்ச்சி ஒருவர் உளர், அவரே சிறுநீரகம். 'பிரஷர்' என்று நாம் வழங்கும் இரத்தக் கொதிப்பைப் பற்றிப் பேசும்போது பலரும் இருதயத்தை மட்டுமே நினைக்கின்றனர். அது கோபக்காரருக்கு வரும் நோய் என்று கருதுவோரும் உளர். உண்மையிலோ, இரத்த அழுத்தத்தை நிலைநிறுத்துவதில் சிறுநீரகத்துக்கும், அது தொடங்கிவைக்கும் இரசாயனத் தூதுகளுக்கும் பெரும்பங்கு உண்டு. இரத்தத்தின் வழியே சென்று கட்டளையிடும் இத்தகைய தூதுப் பொருள்களையே ஹார்மோன்கள் என்பர்.

1898இல் ஸ்டாக்ஹோம் நகரில் டீகர்ஸ்டெட், பெர்க்மன் என்னும் இருவர், முயலின் சிறுநீரகத்திலிருந்து எடுத்த சாற்றை வேறு முயல்களின் இரத்தத்தில் செலுத்தினர். அழுத்தம் உயர்ந்தது. சாற்றில் இருந்த பொருளுக்கு 'ரெனின்' எனப் பெயரிட்டனர். பின்னர் உலகம் அதனை ஏறத்தாழ மறந்தே போயிற்று. 1934இல் அமெரிக்க ஆராய்ச்சியாளர் கோல்ட்பிளாட், நாய்களின் சிறுநீரகத்துக்குச் செல்லும் இரத்தக் குழாயை இடுக்கியால் நெருக்கி, நீடித்த கொதிப்பை உண்டாக்கிக் காட்டினார். வாய்க்காலில் அடைப்பு நேர்ந்ததைக் கண்மாயே வற்றிவிட்டதாக நீர்பாய்ச்சி எண்ணிக்கொண்டாற் போன்றது அது.

அடுத்த சில ஆண்டுகளில் அர்ஜெண்டினாவில் பிரவுன் மெனண்டெஸ் குழுவினரும், அமெரிக்காவில் இர்வின் பேஜ் குழுவினரும் ஒருவரையொருவர் அறியாமலே ஒரே பொருளைக் கண்டறிந்தனர். முன்னவர் 'ஹைபர்டென்சின்' என்றனர். பின்னவர் 'ஆஞ்சியோடோனின்' என்றனர். 1957இல் அமெரிக்காவின் ஆன் ஆர்பர் நகரில் இரத்தக் கொதிப்பைப் பற்றி நடந்த விஞ்ஞான மாநாட்டை ஒட்டி இருவரும் உடன்பட்டு, இரு பெயரிலும் பாதி பாதி எடுத்து 'ஆஞ்சியோடென்சின்' என்று ஆக்கினர். ஒரே ஊருணிக்கு இரண்டு ஊரார் இரண்டு பெயர் சொல்லி வழக்காடுவதை நாம் கண்டிருக்கின்றோம். அது இத்துணை எளிதாகத் தீர்ந்ததை மட்டும் கண்டதில்லை.

இனி, கட்டளை செல்லும் வழியைக் காண்போம். தன்னிடம் வரும் இரத்தத்தின் அழுத்தம் தாழ்ந்தால் சிறுநீரகம் ரெனினை விடுவிக்கும். ஈரலில் உண்டாகி இரத்தத்தில் கலந்திருக்கும் ஒரு புரதத்தை ரெனின் வெட்டும். அவ்வாறு பிறந்த துண்டு, பெரும்பாலும் நுரையீரலில் மற்றொரு முறை வெட்டுப்பட்டு, வீரியமுள்ள ஆஞ்சியோடென்சின் ஆகும். அது சிறு இரத்தக் குழாய்களைச் சுருக்கும். சிறுநீரகத்தின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள அட்ரினல் சுரப்பியையும் அது தூண்டும். அச்சுரப்பி விடும் ஆல்டோஸ்டெரோன், "உப்பை வெளியே விடாதே" என்று சிறுநீரகத்துக்கே கட்டளையிடும். உப்பு தங்கினால் நீரும் தங்கும், அழுத்தம் ஏறும். அழுத்தம் ஏறியதும் ரெனின் குறைய வேண்டும். இவ்வொழுங்கு பலருக்குப் பிசகி, அழுத்தம் உயர்ந்த மட்டத்திலேயே நின்றுவிடுகின்றது.

மருந்து பிறந்த கதை விவசாயிகளுக்குச் சுவையாக இருக்கும். பிரேசில் நாட்டில் விரியன் குலத்துப் பாம்பு ஒன்றின் நஞ்சை ஆராய்ந்த ஃபெரேரா, 1965இல் அதில் ஒரு பொருளைக் கண்டார். ஆஞ்சியோடென்சின் உருவாகும் இரண்டாவது வெட்டை அது தடுக்கின்றது என்பது பின்னர்த் தெரிந்தது. அதனை முன்மாதிரியாகக் கொண்டு செய்த 'காப்டோப்ரில்' மாத்திரை 1981இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. இன்று வழங்கும் எனலாப்ரில் அதன் தம்பி. டெல்மிசார்டனோ, உருவான ஆஞ்சியோடென்சின் தன் வேலையைச் செய்யவொட்டாமல் தடுப்பது. கருவுற்ற பெண்கள் இவ்விரு வகையையும் உண்ணலாகாது. ஆதலின் பக்கத்து வீட்டார்க்கு நல்லதாயிற்று என்று மாத்திரையைக் கடன் வாங்கி உண்ணும் வழக்கம் அறவே கூடாது.

உப்பைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். சிவகாசியில் உப்பு என்றால் வெடியுப்பா, கறியுப்பா என்று கேட்கத் தோன்றும். நாம் சொல்வது கறியுப்பையே. நாளொன்றுக்கு 5 கிராமுக்குக் குறைவாக, அதாவது ஒரு தேக்கரண்டிக்கும் குறைவாக, உண்ணும்படி உலக சுகாதார நிறுவனம் கூறுகின்றது. ஊறுகாய், அப்பளம், கருவாடு, மோர் மிளகாய், சாத்தூர்ச் சேவு ஆகியவற்றில் உள்ளதும் இக்கணக்கில் சேரும். (சாத்தூர்ச் சேவை விட்டுவிடச் சொல்லும் துணிவு நமக்கில்லை, நாள்தோறும் வேண்டாம் என்போம்.) இந்துப்பும் பெரும்பாலும் அதே உப்புத்தான். 'சோடியம் குறைந்தது' என விற்கும் உப்பில் பொட்டாசியம் மிகுதி. சிறுநீரகம் பழுதுற்றோரும், மேற்சொன்ன மாத்திரைகளை உண்போரும் மருத்துவரைக் கேளாமல் அதை வாங்கலாகாது.

"வெயிலிலும் பட்டாசு அறையிலும் வியர்வை சிந்துபவனுக்கு உப்பு வேண்டாமா?" என்று கேட்பர். நியாயமான கேள்வி. வெயில் வேலை சில நாள் பழகியதும், அதே ஆல்டோஸ்டெரோன் வியர்வையில் உப்பு வீணாவதைக் குறைத்துவிடும். வழக்கமான உணவும் போதிய நீரும் பெரும்பாலோர்க்குப் போதும். கொதிப்புக்கு மாத்திரை உண்போர், வாந்தி பேதி கண்டாலும் வெயிலில் தலை சுற்றினாலும் தாமதியாமல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.

நாம் அறிந்த விவசாயி ஒருவர் ஆறு மாதம் மாத்திரை உண்டார். அளந்து பார்த்தபோது அழுத்தம் சரியாக இருந்தது. நோய் தீர்ந்ததென்று நிறுத்திவிட்டார். மறு ஆண்டு ஒரு காலையில் பம்புசெட் அறையிலே வலக்கை விழுந்தது, பேச்சும் குழறியது. அதுவரை அவருக்கு ஒரு தலைவலிகூட இருந்ததில்லை. மாத்திரை கட்டளையைத் தடுத்து நிற்குமேயன்றி, கட்டளையிடும் வழக்கத்தை மாற்றுவதில்லை என்பதை எவரும் அவருக்கு எடுத்துரைக்கவில்லை, நாமும்தான்.

2021 ஆகஸ்டு 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டத்தில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடி வந்து அழுத்தத்தை அளக்கின்றனர், மாத்திரையும் தருகின்றனர். ஆனால் நம் பகுதியில் விடியுமுன் ஆலைப் பேருந்து ஏறுவோர் பலர். பகலில் வரும் தன்னார்வலர் காண்பது பூட்டிய கதவையே. ஊராட்சிப் பொறுப்பில் இருப்போர் ஆரம்ப சுகாதார நிலைய மருத்துவருடன் பேசி, ஆலை விடுமுறை நாளிலோ கிராம சபை கூடும் நாளிலோ அளக்கும் ஏற்பாட்டைச் செய்யலாம். அளக்குமுன் ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். எண் 140க்கு 90 அல்லது அதற்கு மேல் இருந்தால் வேறொரு நாளும் அளக்க வேண்டும். இரண்டு எண்களையும் தேதியிட்டுச் சீட்டில் எழுதி வாங்கி, குடும்ப அட்டையுடன் பத்திரப்படுத்துக.