ஆய்வுக்குக் குருதி தந்தவர்களுக்கு ஆய்வின் பயனும் கிட்ட வேண்டும்

தேயிலைக்காக உலகம் அறிந்து வைத்திருக்கும் எமது மலையகத் தோட்டங்களை மருத்துவ உலகம் வேறொரு காரணத்திற்காகவும் அறியும். குருதிச்சோகை, குடற்புழு நோய், உழைக்கும் பெண்ணின் உடல்வலு ஆகியன தொடர்பாக நடைபெற்ற சில முக்கியமான ஆய்வுகள் இத்தோட்டங்களிலேயே மேற்கொள்ளப்பட்டன. கொழுந்து பறிக்கும் பெண்கள் தந்த சில துளிக் குருதியும் தோட்டப் பாடசாலைப் பிள்ளைகள் கொண்டு வந்து கொடுத்த மல மாதிரிகளும் பிற நாட்டு மருத்துவர்களும் எடுத்துக்காட்டும் சான்றுகளாகியுள்ளன. அவ்வாறு பெறப்பட்ட அறிவு, அதைத் தந்த லயன் அறைகளுக்கு எவ்வளவு தூரம் திரும்பி வந்திருக்கிறது என்பதே இன்று நாம் எழுப்ப வேண்டிய கேள்வியாகும்.

குருதிச்சோகை என்பது குருதியிலுள்ள ஈமோகுளோபின் எனும் செந்நிறப் பொருள் குறைவடைவதாகும். உடலின் ஒவ்வோர் உறுப்புக்கும் ஒட்சிசனைக் கொண்டு செல்வது அதுவே. கர்ப்பமுறாத வளர்ந்த பெண்ணொருவருக்கு 100 மில்லிலீற்றர் குருதியில் 12 கிராமுக்குக் குறைவாக ஈமோகுளோபின் காணப்படுமாயின் அவரைக் குருதிச்சோகை உடையவராகக் கொள்வது மருத்துவ வழக்கம். மேட்டில் ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைச்சுற்று, நெஞ்சுப் படபடப்பு, கால் ஓய்ந்துபோதல் என்பன இதன் அறிகுறிகளாகும். நாள் முழுவதும் கூடை சுமந்து செங்குத்தான மலைகளில் நின்று வேலை செய்யும் ஒருவரிடத்தில் இவற்றைக் காணும்போது, வேலைக் களைப்பு என்றோ வயதின் குறை என்றோ, சில வேளைகளில் சோம்பல் என்றோ கூடத் தள்ளிவிடுவது தோட்டங்களில் வழக்கமாகிவிட்டது. நோய் நோயாக அறியப்படாமற் போவதே அதன் முதல் வெற்றியாகும்.

இந்நோய்க்குப் பல காரணங்கள் ஒன்றுசேர்கின்றன. கோதுமை மா ரொட்டியையும் சம்பலையும் பெரிதும் நம்பிய உணவில் இரும்புச்சத்து குறைவு. மாதவிடாயினாலும் அடுத்தடுத்த மகப்பேறுகளினாலும் பெண்கள் இழப்பது அதிகம். இவற்றுடன் கொக்கிப்புழுவும் சேர்ந்துகொள்கிறது. மலத்துடன் வெளியேறும் இப்புழுவின் முட்டைகள் ஈரமான நிழல் நிலத்தில் பொரித்துச் சில நாட்களில் குடம்பிகளாகின்றன. வெறுங்காலுடன் நடப்பவரின் தோலைத் துளைத்து உட்செல்லும் அவை, குடலை அடைந்து அதன் சுவரைக் கவ்விக் குருதியை உறிஞ்சுகின்றன. ஒரு புழு உறிஞ்சுவது மிகச் சொற்பமே. ஆனால் நூற்றுக்கணக்கான புழுக்கள் மாதக்கணக்கில் உறிஞ்சும்போது, ஏற்கெனவே குறைந்துள்ள இரும்புச்சத்தும் வற்றிப்போகிறது.

இவ்வுண்மை எமது தோட்டங்களுக்குப் புதியதன்று. 1916 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் ரொக்பெல்லர் மன்றத்தின் உதவியுடன் இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்பு இயக்கம் ஆரம்பிக்கப்பட்டது. தொழிலாளருக்குப் புழு மருந்து புகட்டப்பட்டது, புழுக்களும் வெளியேறின. ஆனால் கழிப்பறைகளை அமைத்துப் பராமரிக்கும் செலவை ஏற்கத் தோட்டத் துரைமார் பலர் முன்வரவில்லை. நிலம் அசுத்தமாகவே இருந்தமையால் மருந்துண்டவர்கள் மீண்டும் அதே புழுக்களுக்கு ஆளாகினர். மருந்து மட்டும் போதாது, நோய் தோன்றும் சூழலையே மாற்ற வேண்டும் எனும் பட்டறிவு, 1926 ஆம் ஆண்டில் களுத்துறையில் இலங்கையின் முதலாவது சுகாதாரப் பிரிவு தோன்ற வழிகோலியது. தோட்டத் தொழிலாளரின் உடலில் கற்றுக்கொண்ட பாடத்தின் பயன், தோட்டங்களுக்கு வெளியேதான் முதலில் வேரூன்றியது. பின்வந்த காலத்திலும் இதே போக்கு தொடர்ந்ததைக் காண்கிறோம்.

1970 களில் கலிபோர்னியாவைச் சேர்ந்த எட்கர்ட்டன், கார்ட்னர் ஆகிய ஆய்வாளர்களும் பேராதனையில் மருத்துவப் பேராசிரியராகக் கடமையாற்றியிருந்த பிரையன் செனவிரத்னவும் சேர்ந்து தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையே ஆய்வுகளை நடத்தினர். 1979 ஆம் ஆண்டில் பிரித்தானிய மருத்துவ சஞ்சிகையில் வெளியான அவர்களின் முடிவு எளிமையானது. இரும்புச்சத்து மாத்திரை பெற்று ஈமோகுளோபின் உயர்ந்தவர்கள் ஒரு மாதத்திற்குப் பின்னர் முன்னரை விட அதிகமான கொழுந்து பறித்தனர். ஈமோகுளோபின் 6 முதல் 9 கிராம் வரையே இருந்த, அதாவது மிகவும் நலிவுற்றிருந்த தொழிலாளரிடம் இம்முன்னேற்றம் கூடுதலாகக் காணப்பட்டது. வேலைத்தளத்திற்கு வெளியேயும் அவர்களின் நடமாட்டம் அதிகரித்தது.

தோட்டத்தில் இதன் பொருள் யாது? பறிக்கும் கிலோவைக் கொண்டே முழுப்பேரும் அரைப்பேரும் தீர்மானிக்கப்படும் இடத்தில், குருதிச்சோகை நேரடியாகச் சம்பளத்தை வெட்டுகிறது. கிலோ குறைந்தால் அரைப்பேர். அரைப்பேர் என்றால் அரைச் சம்பளம். சம்பளம் குறைந்தால் முட்டையும் மீனும் கீரையும் அடுப்பங்கரையிலிருந்து மறைகின்றன. உணவு குறைய, குருதிச்சோகை மேலும் முற்றுகிறது. இந்த வட்டத்தை உடைக்க விலை மலிந்த ஒரு மாத்திரை உதவும் என்பது நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக நிறுவப்பட்ட உண்மை. ஆயினும் அம்மாத்திரையை விளைச்சலைப் பெருக்கும் உரம் போலக் கருதுவோமாயின் அது தவறாகும். மாலையில் வீடு திரும்பும் தாய்க்குத் தன் பிள்ளையைத் தூக்கிக் கொஞ்சத் தெம்பு இருக்க வேண்டும் என்பதும் ஒரு நியாயமே.

கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை இரு ஆய்வுகளை நாம் குறிப்பிட வேண்டும். பெருந்தோட்டத்துறையைச் சேர்ந்த 195 கர்ப்பிணிகளிடையே அத்துக்கோரளவும் அவரது குழுவினரும் நடத்தி 1994 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வு, இரும்பு, போலிக் அமில மாத்திரைகளுடன் புழு மருந்தையும் சேர்த்துக் கொடுக்கும்போது பயன் கூடுகிறது எனக் காட்டியது. எனினும் கருவுற்றிருக்கும் பெண்ணுக்குப் புழு மருந்து கொடுத்தால் சிசுவுக்குத் தீங்கு நேருமோ எனும் அச்சம் நிலவியது. கொக்கிப்புழு பரவலாகக் காணப்பட்ட பகுதிகளை அண்டிய இலங்கை வைத்தியசாலைகளில் பிரசவித்த ஏழாயிரம் தாய்மாரை ஆராய்ந்து, களனிப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த நிலாந்தி டி சில்வாவும் குழுவினரும் 1999 ஆம் ஆண்டில் லான்செட் சஞ்சிகையில் இதற்கு விடையளித்தனர். மெபென்டசோல் உண்ட தாய்மாரின் குழந்தைகளில் 1.8 வீதமானோருக்கும் உண்ணாதோரின் குழந்தைகளில் 1.5 வீதமானோருக்கும் பிறவிக் குறைபாடுகள் காணப்பட்டன. இவ்வேறுபாடு புள்ளிவிபர ரீதியில் பொருட்படுத்தத்தக்கதன்று. மாறாக, குழந்தை இறந்து பிறத்தலும் பிறந்த சில நாட்களில் இறத்தலும் மருந்துண்டோரிடையே 1.9 வீதமாகவும் ஏனையோரிடையே 3.3 வீதமாகவும் இருந்தன. இருப்பினும் முதல் மூன்று மாதங்களில் இம்மருந்தைத் தவிர்த்து, அதன் பின்னரே உட்கொள்ள வேண்டும் என்பதை எமது தாய்மார் தெளிவாக அறிந்திருத்தல் அவசியம். புழுத்தொற்றும் குருதிச்சோகையும் மிகுந்த பகுதிகளில் முதல் மூன்று மாதங்களின் பின்னர் கர்ப்பிணிகளுக்குப் புழு மருந்து வழங்கலாம் என உலக சுகாதார ஸ்தாபனமும் பரிந்துரைக்கின்றது.

பிள்ளைகளின் நிலையோ மற்றொரு பாடத்தைப் புகட்டுகிறது. 1992 ஆம் ஆண்டில் பெருந்தோட்டத்துறை முழுவதையும் தழுவி நடைபெற்ற ஆய்வில், பிள்ளைகளிலும் பெண்களிலும் 90 வீதத்துக்கும் அதிகமானோர் குடற்புழுத் தொற்றுடன் காணப்பட்டனர். 1994 முதல் 2005 வரை ஆண்டுக்கு இரு தடவைகள் பிள்ளைகளுக்குப் புழு மருந்து வழங்கப்பட்டது. பின்னர் அத்திட்டம் நிறுத்தப்பட்டது. நான்கு ஆண்டுகள் கழிந்தபின் ஐந்து மாவட்டங்களின் 114 பாடசாலைகளைச் சேர்ந்த 1,890 பிள்ளைகளைப் பரிசோதித்தபோது, 29 வீதமானோரிடம் தொற்று மீண்டும் காணப்பட்டது. அதிகமாகக் காணப்பட்டது வட்டப்புழுவாகும். தாழ்ந்த மலைப்பகுதிகளில் வசிப்போரும் தாயார் போதிய கல்வி பெறாத பிள்ளைகளும் கூடுதலாகப் பாதிக்கப்பட்டனர். வட்டப்புழுவுக்கும் கொக்கிப்புழுவுக்கும் வீட்டின் சுகாதார வசதிக் குறைவும் காரணமாகியது. மருந்தை உரிய காலத்திற்கு முன் நிறுத்தினால் புழு திரும்பி வரும் என்பதே 2011 ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின் எச்சரிக்கை. 1916 இன் அனுபவமும் இதையே சொன்னது என்பதை வாசகர்கள் கவனிக்கலாம்.

மாத்திரையின் எல்லையையும் எமது பிள்ளைகளே உலகுக்குக் காட்டியுள்ளனர். தோட்டப் பாடசாலைகளில் புழு மருந்துடன் வாரந்தோறும் இரும்புச்சத்து மாத்திரையை ஆறு மாதங்களுக்கு வழங்கிப் பார்த்த ஓர் ஆய்வு 2013 ஆம் ஆண்டில் வெளியாகியது. அப்பிள்ளைகளின் இரும்புச்சத்து நிலையிலோ, கவனத்திலோ, கல்வி அடைவிலோ குறிப்பிடத்தக்க மாற்றம் ஏற்படவில்லை என அவ்வாய்வாளர்கள் மறைக்காமல் அறிவித்தனர். ஆகவே மாத்திரையைக் கொடுத்துவிட்டோம், கடமை முடிந்தது என எவரும் கைகழுவிவிட முடியாது. 2016 ஆம் ஆண்டின் குடிசன, சுகாதார அளவீட்டின்படி, ஐந்து வயதுக்குக் குறைந்த பிள்ளைகளில் வயதுக்கேற்ற உயரம் இல்லாதோர் நாடளாவிய ரீதியில் சுமார் 17 வீதமாக இருக்கையில் தோட்டத்துறையில் சுமார் 32 வீதமாக இருந்தனர். உணவு, குடிநீர், கழிப்பறை, வீடு, தாயின் கல்வி ஆகிய அனைத்தும் சேர்ந்தே இந்த இடைவெளியை நிரப்ப முடியும்.

இனி, வீட்டிலேயே செய்யக்கூடிய ஒன்றையும் சொல்ல வேண்டும். தேநீரிலுள்ள துவர்ப்புப் பொருள் உணவிலும் மாத்திரையிலும் உள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கும் தன்மை உடையது. ரொட்டியுடன் சாயத்தேநீர் குடிப்பதும், கிளினிக்கில் தந்த மாத்திரையைத் தேநீருடன் விழுங்குவதும் எமது லயன்களில் சர்வசாதாரணம். தாம் பறித்த தேயிலையே தமது உடல்வலுவைத் தடுக்கிறது என்பதைப் பலர் அறியார். மாத்திரையைத் தண்ணீருடன் உண்டு, உணவுக்கும் தேநீருக்கும் இடையே ஒரு மணி நேரமாவது இடைவெளி விட்டால், எவ்விதச் செலவுமின்றிப் பயன் கூடும். உணவுடன் சிறிது தேசிக்காய்ச் சாறோ கொய்யாப்பழமோ சேர்ந்தால் இன்னும் நன்று. மாத்திரையினால் மலம் கறுப்பதும் சிறிது வயிற்றுக் குமட்டல் ஏற்படுவதும் இயல்பே என முன்கூட்டியே விளக்கப்படாமையால், பயந்து மாத்திரையைக் குப்பையில் எறிந்துவிடும் தாய்மாரும் உள்ளனர். அவர்களைக் குறைகூறுவதற்கு முன், அவர்களின் மொழியில் அவர்களுக்கு யார் விளக்கினார்கள் எனக் கேட்க வேண்டும்.

மருத்துவ ஆய்வுகளுக்கான ஒழுக்க நெறிகளை வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனம் 1964 ஆம் ஆண்டில் ஏற்கப்பட்டுப் பின்னர் பல தடவைகள் திருத்தப்பட்டது. நலிவுற்ற மக்களிடையே ஆய்வு நடத்தப்படுமாயின் அதன் அறிவினாலும் சிகிச்சையினாலும் அம்மக்களே பயனடைய வேண்டும் என்பது அதன் கொள்கைகளுள் ஒன்றாகும். ஆய்வின் முடிவு ஆங்கிலச் சஞ்சிகையில் வெளியாவதுடன் இக்கடமை நிறைவேறிவிடாது. விரல் நுனியில் ஊசி குத்தக் கைநீட்டிய பெண்ணிடம், இந்த ஊசியினால் நாங்கள் அறிந்தது இதுதான் எனத் தமிழில் வந்து சொல்லும்போதே அது நிறைவேறும். 2017 ஆம் ஆண்டில் இந்திய உதவியுடன் டிக்கோயாவில் புதிய வைத்தியசாலைக் கட்டடம் திறக்கப்பட்டது வரவேற்கத்தக்கதே. ஆனால் குருதிச்சோகை வைத்தியசாலைக் கட்டிலில் தொடங்குவதில்லை. அது லயன் வாசலிலும் பீலிக்கரையிலும் தொடங்குகிறது.

ஆகவே நாம் வேண்டுவன இவை. கர்ப்பிணிகளுக்கு மட்டுமன்றிக் கொழுந்து பறிக்கும் ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆண்டுக்கு ஒரு தடவையாவது ஈமோகுளோபின் பரிசோதனை நடைபெற வேண்டும். அதற்குரிய நேரம் வேலை நேரமாகவே கணக்கிடப்பட வேண்டும். பாடசாலைகளிலும் பிள்ளை மடுவங்களிலும் புழு மருந்து தவறாது வழங்கப்பட வேண்டும். ஒவ்வொரு குடும்பத்திற்கும் பாவிக்கத்தக்க கழிப்பறையும் வேலை செய்யும் மலைகளில் பெண்களுக்கு ஒதுங்க இடமும் அமைக்கப்படுவது தோட்டக் கம்பனிகளின் பொறுப்பாகும். தமிழ் பேசும் குடும்பநல உத்தியோகத்தர்கள் போதிய அளவில் நியமிக்கப்பட வேண்டும். தொழிற்சங்கங்கள் சம்பளப் பேச்சுவார்த்தைக்குச் செல்லும்போது கிலோக் கணக்குடன் குருதிச்சோகைக் கணக்கையும் எடுத்துச் செல்ல வேண்டும்.

இவற்றுள் எதற்கும் புதிய கண்டுபிடிப்பு எதுவும் தேவையில்லை. தேவையான அறிவு அனைத்தும் எமது மக்களின் உடல்களிலிருந்தே ஏற்கெனவே பெறப்பட்டுவிட்டது. அதை அவர்களிடம் திருப்பிச் சேர்ப்பதே நூறாண்டுகளுக்கு மேலாக எஞ்சி நிற்கும் கடன். அக்கடனை அரசாங்கமும் கம்பனிகளும் பல்கலைக்கழகங்களும், படித்து முன்னேறிய மலையக இளைஞர்களான நாமும் பங்கிட்டுத் தீர்த்தாக வேண்டும்.