குளிரூட்டி வீட்டுக்கு வரும் நாளில்



ஒரு காலத்தில் செல்வர் இல்லங்களின் பெருமையாக விளங்கிய குளிரூட்டி, இன்று நடுத்தரக் குடும்பங்களிலும் நுழைந்துவிட்டது. கடல் கடந்து உழைக்கும் பிள்ளை, ஊரில் வெம்மையால் வாடும் பெற்றோரை எண்ணிப் பணம் அனுப்புகிறான். கடைக்காரர் மறுநாளே பெட்டிகளை இறக்கிவிடுகிறார். பின்னர் மெக்கானிக் வருகிறார். ஆண்கள் வெளியே சென்றிருக்கும் வேளையாயின், பெண்கள் உள்ளறைக்குச் சென்றுவிடுவர். மாட்டியது மாட்டியபடியே வேலை முடிந்துவிடும். எத்தனை விலை கொடுத்து வாங்கிய இயந்திரமாயினும், பொருத்தும் அந்த இரண்டு மணி நேரத்தில்தான் அதன் ஆயுள் முடிவாகிறது.

‘ஸ்பிளிட்’ ஏ.சி. என்பது இரு பகுதிகளைக் கொண்டது. உட்பகுதி அறையின் வெப்பத்தை உறிஞ்சும். வெளிப்பகுதி அதனை வெளியே தள்ளும். இரண்டையும் இணைக்கும் செம்புக் குழாய்களில் வாயு ஓடிக்கொண்டிருக்கும். டன் என்றதும் இயந்திரத்தின் எடை என்று கருதுவோர் உளர். ஒரு டன் பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகுவதற்கு எவ்வளவு வெப்பம் வேண்டுமோ, அவ்வளவு வெப்பத்தை அதே நேரத்தில் நீக்கும் ஆற்றலையே அச்சொல் குறிக்கிறது. மணிக்கு 12,000 பி.டி.யு. என்பது அதன் கணக்கு. 120 சதுர அடி அறைக்குப் பொதுவாக ஒரு டன் போதும். வெயில் நேரே காயும் மொட்டை மாடிக்குக் கீழுள்ள அறையாயின், சற்றுக் கூடுதல் வேண்டியிருக்கும்.

இயந்திரம் வருமுன்னரே மின்பணியாளரை அழைத்துவிடுங்கள். மெயின் பெட்டியிலிருந்து தனி வயர் இழுத்து, அதற்கெனத் தனி எம்.சி.பி. வைக்க வேண்டும். ஒன்றரை டன் இயந்திரத்துக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் கவலையற்றது. அதனினும் முக்கியமானது எர்த். நம் பழைய வீடுகள் பலவற்றில் பிளக்கில் மூன்றாவது துளை இருக்கும். அதன் பின்னே கம்பி இராது! உளூச் செய்த ஈரக் கையோடு ஒருவர் உலோகப் பகுதியைத் தொட நேர்ந்தால் என்னவாகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. எர்த் உயிருடன் இருக்கிறதா என்பதைச் சோதித்துக் காட்டச் சொல்லிக் கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

வெளிப்பகுதியை எங்கே மாட்டுவது? காற்றோட்டமும் நிழலும் உள்ள இடத்தில், பழுது பார்ப்பவர் அச்சமின்றி நிற்கக்கூடிய இடத்தில். அண்டை வீட்டாரின் சன்னலுக்கு எதிரே மட்டும் வேண்டாம். நம் அறையின் வெப்பமெல்லாம் அவர்கள் முகத்தில் வீசும். அவர்களுக்கும் உறக்கம் வேண்டுமல்லவா?

இனிச் சொல்லப்போவது பலரும் அறியாதது. செம்புக் குழாய்களை இணைத்தவுடன் அவற்றினுள் இருக்கும் காற்றையும் ஈரத்தையும் வேக்குவம் பம்பு கொண்டு உறிஞ்சி வெளியேற்ற வேண்டும். ஈரம் உள்ளே தங்கிவிட்டால், அது வாயுவோடும் எண்ணெயோடும் கலந்து அமிலமாகி, கம்ப்ரசரை அரித்துவிடும். என் தமக்கையார் வீட்டுக்கு வந்த இளைஞரிடம் பம்பு இல்லை. ‘கொஞ்சம் கேஸை விட்டாலே உள்ளிருக்கும் காற்று ஓடிவிடும், அம்மா’ என்றார். தமக்கையாரின் மகன் குவைத்தில் இதே தொழில் செய்பவன்; தொலைபேசியில் முன்னரே சொல்லி வைத்திருந்தான். திரைக்கு அப்பாலிருந்து அவர், ‘தம்பி, பம்பு கொண்டுவந்த பிறகு வால்வைத் திறந்தால் போதும். நாளைக்கு வந்தாலும் சரிதான்’ என்று கூறிவிட்டார். இளைஞர் முணுமுணுத்தபடியே சென்று, அஸர் வேளையில் பம்போடு திரும்பினார். இருபது நிமிடம் ஓடியது. பின்னர் மானியின் முள் அசையாமல் நிற்கிறதா என்றும் பார்க்கச் செய்தார்கள். சமையலுக்குச் சற்றுத் தாமதமாயிற்று, அவ்வளவே.

புதிய இயந்திரத்தின் வெளிப்பகுதியில் வாயு நிறைந்தே வருகிறது என்பதையும் நினைவிற் கொள்ளுங்கள். குழாய் வழக்கத்தினும் நீண்டாலன்றி ‘கேஸ் நிரப்பக் காசு’ என்ற பேச்சுக்கே இடமில்லை. இன்று பல இயந்திரங்களில் உள்ள ஆர்-32 வாயு மெல்லத் தீப்பற்றக்கூடியது. ஆகவே கசிவைச் சோப்பு நுரையால் பார்க்க வேண்டும். வேலை நடக்குமிடத்தில் பீடி, சிகரெட்டுக்கு அனுமதி கூடாது.

மெக்கானிக் விடைபெறுமுன் உட்பகுதியின் வடிதட்டில் ஒரு குவளை நீர் ஊற்றச் சொல்லுங்கள். அது தங்குதடையின்றி வெளியே வடிந்தால், சுவரில் ஈரம் ஊறாது. வடிகுழாய் முழுவதும் கீழ்நோக்கியே சரிந்திருக்க வேண்டும். அதன் முனை வாளி நீரில் அமிழ்ந்திருக்கலாகாது. அவ்வாறு சேரும் நீரைச் செடிகளுக்கு ஊற்றலாம், தரை துடைக்கலாம்.