குழாயை அடைக்கும் கல்லில் மணிச்சத்து

கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையங்களின் குழாய்க்குள் கெட்டியாகப் படிந்து, பாதையையே அடைத்துவிடும் வெளிர்நிறக் கல் ஒன்று உண்டு. அதன் பெயர் ஸ்ட்ரூவைட். மெக்னீசியம், அமோனியா, பாஸ்பேட் மூன்றும் நீரில் கூடினால் உருவாகும் படிகம் இது. நோய்த்தொற்றால் சிறுநீரகத்தில் வளரும் கல்லும் பெரும்பாலும் இதுதான். லாஸ் ஏஞ்சலிஸின் ஹைப்பீரியன் நிலையத்தில் 1960-களிலேயே கசடுக் குழாய்களை அடைத்துத் தொல்லை கொடுத்தது.

இந்தக் கல் எல்லா இடத்திலும் சமமாகப் படியாது. வளைவு, பம்பு, நீர் விழும் வாய் என்று நீர் கலங்கும் இடமாகப் பார்த்துப் பிடிக்கும். கலங்கும்போது நீரில் கரைந்திருந்த கரியமில வாயு வெளியேறி, காரத்தன்மை ஏறுவதே காரணம். பிடித்துவிட்டால் செதுக்க வேண்டும், அல்லது அமிலம் விட்டுக் கரைக்க வேண்டும்.

எப்படியும் படியத்தான் போகிறது, அது நாம் விரும்பும் இடத்தில் படியட்டுமே! கழிவுநீரிலிருந்து பாஸ்பேட்டைப் படிகமாக மீட்கும் கலனின் அடிப்படை இவ்வளவுதான். கனடாவின் வான்கூவரில் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் உருவான கலன் இதில் பெயர்பெற்றது. கசடை நொதிக்கவைக்கும் தொட்டியான செரிப்பானிலிருந்து வரும் கசடைப் பிழிந்தால் கிடைக்கும் நீரில் அமோனியாவும் பாஸ்பேட்டும் தாராளமாக இருக்கும், மெக்னீசியம்தான் போதாது. அதனால் மெக்னீசியம் குளோரைடு கலக்கிறார்கள். தேவைப்பட்டால் காஸ்டிக் சோடா விட்டுக் காரத்தை ஏற்றுகிறார்கள்.

கலன் அடியில் ஒடுங்கி, மேலே போகப்போக அகன்றிருக்கும். நீரை அடியிலிருந்து மேல்நோக்கிச் செலுத்துவார்கள். ஒடுங்கிய பகுதியில் வேகம் அதிகம், அகன்ற பகுதியில் குறைவு. எனவே பொடிமணிகள் மேலே மிதக்கும். பருக்கப் பருக்கக் கீழே இறங்கும். ஜவ்வரிசி அளவுக்கு உருண்டு திரண்டதும் அடியிலிருந்து எடுத்துக் காயவைத்தால் உரமாக மூட்டை கட்ட வேண்டியதுதான். படிகம் வளரும்போது வேண்டாததைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுவதால் கசடிலுள்ள கன உலோகங்கள் இதில் மிகக் குறைவாகவே சேரும்.

இந்த உரத்தில் தழைச்சத்து சுமார் 5 சதவீதம், மணிச்சத்து எனப்படும் பாஸ்பேட் 28 சதவீதம், மெக்னீசியம் 10 சதவீதம். வெறும் நீரில் லேசில் கரையாது. வேர் கசியவிடும் அமிலத்தில் கொஞ்சம் கொஞ்சமாகக் கரையும். எனவே ஒரு மழையில் அடித்துக்கொண்டு போகாது. இதன் மிகப்பெரிய நன்மையாக எனக்குப் படுவது இதுதான்.

நீரோடு போகும் சத்து என்ன செய்யும் என்பதற்கு சிகாகோ ஓர் எடுத்துக்காட்டு. அங்கே 1900-இல் ஆற்றின் போக்கையே திருப்பிவிட்டதால் அந்நகரக் கழிவுநீர் மிசிசிப்பி வழியாக மெக்சிகோ வளைகுடாவை அடைகிறது. வயல்களிலிருந்தும் நகரங்களிலிருந்தும் வந்துசேரும் சத்தைத் தின்று அங்கே பாசி பெருகுகிறது. அது அழுகும்போது ஆக்சிஜன் தீர்ந்து மீன்கள் வாழ முடியாத பரப்பு உண்டாகிறது. உலகின் மிகப் பெரிய சுத்திகரிப்பு நிலையங்களுள் ஒன்றான சிகாகோவின் ஸ்டிக்னியில் 2016-இல் இத்தகைய மீட்பு ஆலை திறக்கப்பட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

மீட்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. மணிச்சத்து உரத்துக்கு மூலமான பாஸ்பேட் பாறை பூமியில் சில இடங்களில்தான் இருக்கிறது. அறியப்பட்ட இருப்பில் ஏறத்தாழ 70 சதவீதம் மொராக்கோவிலும் மேற்கு சஹாராவிலும் உள்ளது. தேவையில் பெரும்பகுதியை இறக்குமதி செய்யும் இந்தியா, கப்பலில் வரவழைத்த மணிச்சத்தைச் சாப்பாட்டின் வழியே சாக்கடையில் விட்டுக்கொண்டிருக்கிறது. எனக்கு இது பொறுக்கவில்லை.

ஆனாலும் ஸ்ட்ரூவைட் முழுத் தீர்வல்ல. நீரில் கரைந்த பாஸ்பேட் மட்டுமே அதில் சிக்கும்; நிலையத்துக்கு வரும் பாஸ்பரஸில் பெரும்பகுதி கசடோடு தங்கிவிடும். ஜெர்மனி 2017-இல் கொண்டுவந்த விதிப்படி, பெரிய நிலையங்கள் 2029 முதல் கசடிலுள்ள பாஸ்பரஸை மீட்டாக வேண்டும். அதற்காக அங்கே கசடை எரித்து, சாம்பலிலிருந்து பாஸ்பாரிக் அமிலம் எடுக்கும் வழியிலும் இறங்கியிருக்கிறார்கள்.