விலை உயர்ந்த தலையணை வாங்கினால் நல்ல தூக்கம் வருமா?



பகலெல்லாம் உழைத்த உடம்புக்கு இரவுத் தூக்கமே முதல் மருந்து. அது கெட்டால் மறுநாள் வேலை ஓடாது. சின்ன விஷயத்துக்கும் எரிச்சல் வரும். வண்டி ஓட்டுகிறவருக்குக் கண் செருகும். அதனால்தான், "இந்தத் தலகாணியை வாங்குங்க, படுத்த உடனே தூக்கம் வரும், கழுத்து வலி பறந்து போயிடும்" என்று ஒருவர் சொன்னால் காது கொடுத்துக் கேட்கத் தோன்றுகிறது. கடைத்தெருவில் ரூ.300-க்கும் தலையணை கிடைக்கிறது, ரூ.3,000-க்கும் கிடைக்கிறது. "அவ்வளவு காசு போட்டு வாங்கலாமா? பலன் இருக்குமா?" என்பது நியாயமான கேள்வி.

பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். தலையணையில் நீங்கள் பார்க்க வேண்டியது அதன் உயரம். உயரம் உங்கள் உடம்புக்குப் பொருந்தினால் மலிவான தலையணையும் போதும். பொருந்தாவிட்டால் மூவாயிரம் ரூபாய்த் தலையணையும் கழுத்தை வலிக்கச் செய்யும். இன்னொன்றும் உண்டு. சில தூக்கக் கேடுகளுக்குப் பின்னால் நோய் ஒளிந்திருக்கும். அவற்றை எந்தத் தலையணையும் தீர்க்காது. தலையணையை மாற்றிக்கொண்டே காலம் கடத்தினால் நோய்தான் முற்றும்.

தலையணையின் வேலை என்ன?

வளர்ந்த ஒருவரின் தலை ஏறக்குறைய 5 கிலோ எடை இருக்கும். அதைத் தாங்கும் கழுத்தில் 7 எலும்புகள் உள்ளன. பகலில் கழுத்துத் தசைகள் இந்தப் பாரத்தைச் சுமக்கின்றன. இரவில் அந்தத் தசைகளுக்கு ஓய்வு வேண்டும். தலைக்கும் பாய்க்கும் நடுவே உள்ள இடைவெளியை நிரப்பி, தலையும் கழுத்தும் முதுகும் ஒரே நேராக இருக்கும்படி தாங்குவதுதான் தலையணையின் வேலை.

தலையணை மிக உயரமாக இருந்தால் மல்லாந்து படுக்கும்போது முகவாய் நெஞ்சை நோக்கி வளையும். மிகத் தாழ்வாக இருந்தால் ஒருக்களித்துப் படுக்கும்போது தலை தோள் பக்கம் தொங்கும். இரண்டிலும் தசைகளுக்கு இரவெல்லாம் இழுப்புத்தான். காலையில் கழுத்தைத் திருப்ப முடியாமல் "சுளுக்கிக்கிச்சு" என்று சொல்கிறோமே, அதற்கு இதுவும் ஒரு காரணம்.

உங்கள் அளவை வீட்டிலேயே கண்டுபிடியுங்கள்

மல்லாந்து படுப்பவருக்குப் பொதுவாக 3 முதல் 4 அங்குல உயரம் போதும். ஒருக்களித்துப் படுப்பவருக்குத் தோளின் அகலத்தை ஈடுகட்ட வேண்டும். ஆகவே 4 முதல் 6 அங்குலம் வரை தேவைப்படும். குப்புறப் படுத்தால் இரவு முழுவதும் கழுத்து ஒரு பக்கமாக முறுக்கிக் கிடக்கும். அந்தப் பழக்கத்தை மெல்ல விடுவது நல்லது. விட முடியாதவர்கள் மெல்லிய தலையணை வைத்துக்கொள்ளுங்கள், அல்லது தலையணையே வேண்டாம்.

படுக்கையையும் கணக்கில் கொள்ள வேண்டும். பாயில் ஒருக்களித்துப் படுத்தால் தோள் உள்ளே அமிழாது. அதனால் தலையணை சற்று உயரமாக வேண்டும். மெத்தென்ற மெத்தையில் தோள் அமிழும். அங்கே அதே தலையணை உயரம் கூடிப்போகும். மெத்தை மாற்றியதும் கழுத்து வலி வந்தால் இதைக் கவனியுங்கள்.

சோதனைக்குக் காசு செலவில்லை. ஒரு மெல்லிய தலையணையின் மேல் பழைய பருத்திப் புடவையை மடித்து வையுங்கள். வழக்கமாகப் படுக்கிறபடி படுத்துக்கொண்டு, வீட்டில் ஒருவரைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கச் சொல்லுங்கள். ஒருக்களித்துப் படுத்தால் மூக்கும் நெஞ்சின் நடுவும் ஒரே கோட்டில் இருக்க வேண்டும். மல்லாந்து படுத்தால் முகம் நேரே கூரையைப் பார்க்க வேண்டும். தலை தொங்கினால் ஒரு மடிப்பைக் கூட்டுங்கள். தலை மேலே தூக்கியிருந்தால் ஒரு மடிப்பை எடுங்கள். ஒவ்வோர் அளவிலும் மூன்று நான்கு இரவு படுத்துப் பாருங்கள். காலையில் கழுத்து இலகுவாக இருந்தால் அதுவே உங்கள் அளவு. தலை அழுத்தியிருக்கும்போது அந்த உயரத்தை ஸ்கேலால் அளந்து குறித்துக்கொள்ளுங்கள். கடைக்குப் போனால் இந்த அளவைச் சொல்லிக் கேளுங்கள்.

கணவன், மனைவி, பிள்ளைகள் எல்லோருக்கும் ஒரே உயரத் தலையணை பொருந்தாது. "செட்"டாக வாங்கும்போது இதை மறந்துவிடுகிறோம்.

விலை எதற்கு?

தலையணையின் விலை பெரும்பாலும் உள்ளே அடைத்திருக்கும் பொருளையும் விளம்பரத்தையும் பொறுத்தது. ஒவ்வொன்றையும் பார்ப்போம்.

இலவம் பஞ்சு: தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் இதற்குப் பேர்போன ஊர். எடை குறைவு, காற்றோட்டம் உண்டு, நம் வெயிலுக்கு ஏற்றது. நாளாக ஆக அமுங்கிப்போகும். ஆனால் பஞ்சைப் பிரித்து வெயிலில் காயவைத்து, உதறி மறுபடி அடைத்துக்கொள்ளலாம். வேண்டிய உயரத்துக்குப் பஞ்சைக் கூட்டலாம், குறைக்கலாம். ஒரே வார்ப்பாக வரும் நுரைத் தலையணையில் இது முடியாது.

செயற்கை நார்: விலை குறைவு, துவைக்கலாம். சீக்கிரம் தட்டையாகிவிடும்.

மெமரி ஃபோம்: 1966-இல் அமெரிக்க விண்வெளி நிறுவனமான நாசாவுக்காக, விமான இருக்கைகளில் வைக்க உருவாக்கப்பட்ட நுரை இது. உடம்புச் சூட்டுக்கு இளகி, தலையின் வடிவத்துக்கு மெல்ல அமுங்கும். "விண்வெளித் தொழில்நுட்பம்" என்று விளம்பரம் செய்வது இதைத்தான். சிலருக்கு இதமாக இருக்கும். காற்றோட்டம் குறைவு என்பதால் கோடையில் சிலருக்குப் பிடரி வேர்க்கும்.

லேடெக்ஸ்: ரப்பர் பாலிலிருந்து செய்வது. அமுங்கினாலும் உடனே எழும்பும். உயரம் நெடுநாள் குறையாது.

இவற்றால் பலன் உண்டா? பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்த தொகுப்பு ஒன்று 2021-இல் வெளியானது. நாட்பட்ட கழுத்து வலி உள்ளவர்களுக்கு ரப்பர் தலையணையும் ஸ்பிரிங் வைத்த தலையணையும் வலியைக் குறைத்தன என்று அது கண்டது. ஆனால் அவர்களுடைய தூக்கத்தின் தரம் குறிப்பிடும்படி கூடவில்லை. ஆகவே, பல மாதமாகக் கழுத்து வலி உள்ளவர், உயரத்தைச் சரிசெய்தும் குறையாவிட்டால், கையில் வசதியும் இருந்தால், சரியான உயரத்தில் ஒரு ரப்பர் தலையணை வாங்கிப் பார்க்கலாம். வலி இல்லாதவர் தூக்கத்துக்காக மட்டும் கடன்பட்டு வாங்க வேண்டியதில்லை.

தலையணை தீர்க்காத நோய்கள்

கீழே உள்ளவற்றைக் கவனமாகப் படியுங்கள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களுக்கும் படித்துக் காட்டுங்கள்.

1. தலையணை எண்ணிக்கை கூடுகிறதா? "முன்னே ஒரு தலகாணி போதும், இப்போ ரெண்டு மூணு வெச்சாத்தான் மூச்சு விட முடியுது" என்று அப்பாவோ மாமியாரோ சொன்னால், அது வசதிக்காகக் கேட்பது ஆகாது. இருதயம் பலவீனமானால் நுரையீரலில் நீர் தேங்கும். மட்டமாகப் படுத்தால் மூச்சு முட்டும். அதனால்தான் டாக்டர்கள், "எத்தனை தலகாணி வெச்சுப் படுக்கிறீங்க?" என்று கேட்கிறார்கள். கால் வீக்கமும் நடந்தால் இளைப்பும் சேர்ந்திருந்தால் நாள் கடத்தாமல் காட்டுங்கள். நடு இரவில் மூச்சுத் திணறி எழுந்து உட்கார்ந்தால் அப்போதே 108-ஐ அழையுங்கள்.

2. பலத்த குறட்டை. தூங்கும்போது குறட்டை திடீரென்று நின்று, சில நொடி மூச்சே இல்லாமல், பிறகு திணறி மூச்சு இழுக்கிறாரா? பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி வழிகிறாரா? இது தூக்கத்தில் மூச்சு அடைக்கும் நோயாக இருக்கலாம். இரத்தக் கொதிப்பும் இருதய நோயும் வரும் வாய்ப்பை இது கூட்டும். பஸ், லாரி ஓட்டுகிறவர்களுக்கு இது விபத்தில் கொண்டுபோய் விடும். "குறட்டை ஒழிக்கும் தலையணை" வாங்கிச் சத்தத்தைக் குறைத்தாலும், உள்ளே மூச்சு அடைப்பது நிற்கும் என்று நம்பி இருந்துவிடக் கூடாது. பரிசோதனையும் சிகிச்சையும் உண்டு.

3. நெஞ்செரிச்சல். படுத்ததும் புளித்த நீர் தொண்டைக்கு வருகிறவர்கள் தலையணையை அடுக்கினால் வயிறு மடங்கித் தொல்லை கூடலாம். கட்டிலின் தலைமாட்டுக் கால்கள் இரண்டுக்கும் கீழே ஆறு அங்குல உயரத்துக்கு ஆடாத மரக்கட்டை வையுங்கள். இரவுச் சாப்பாட்டைப் படுப்பதற்கு மூன்று மணி நேரம் முன்பே முடியுங்கள்.

4. கழுத்து வலியோடு வேறு அறிகுறி. வலி கைக்கு இறங்குவது, விரல் மரத்துப்போவது, கையில் பிடித்த டம்ளர் நழுவுவது, நடை தள்ளாடுவது, காய்ச்சல், விழுந்து அடிபட்ட பின் வந்த வலி, இவற்றில் எது இருந்தாலும் தலையணையைப் பற்றி யோசிக்காமல் டாக்டரிடம் போங்கள்.

5. மனக்கவலை. வாரத்தில் மூன்று நாளாவது தூக்கம் கெட்டு, அது மூன்று மாதம் நீடித்தால் அதற்குச் சிகிச்சை வேண்டும். பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் ஆலோசனைச் சிகிச்சைதான் இதற்கு முதல் மருந்து. மருந்துக் கடையில் தானாகத் தூக்க மாத்திரை கேட்டு வாங்காதீர்கள்.

கைக்குழந்தைக்குத் தலையணை வேண்டாம்

இளம் தாய்மார்களே, இதைக் கட்டாயம் கவனியுங்கள். ஒரு வயது நிறையும் வரை குழந்தைக்கு எந்தத் தலையணையும் வேண்டாம். மெத்தென்ற தலையணையில் முகம் புதைந்தால் குழந்தையால் தானே தலையைத் திருப்பிக்கொள்ள முடியாது. மூச்சு அடைத்து உயிருக்கே ஆபத்து. "தலை உருண்டையா வரும்" என்று கடுகுத் தலையணையும், நடுவில் குழி வைத்த தலையணையும் வாங்கித் தருகிறார்கள். தலை உருட்டும் தலையணைகள் வேண்டாம் என்று அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை 2022-இல் எச்சரித்தது. குழந்தையை மட்டமான, அமுங்காத படுக்கையில் மல்லாத்திப் படுக்க வையுங்கள். விழித்திருக்கும்போது பக்கத்தில் இருந்து கொஞ்ச நேரம் குப்புறப் போட்டு விளையாட்டுக் காட்டுங்கள். ஒரு பக்கமாகத் தட்டையாகும் தலை பெரும்பாலும் இதிலேயே சரியாகும். பாட்டிமார்கள் அன்போடு வாங்கி வந்தாலும், பக்குவமாகச் சொல்லி எடுத்து வைத்துவிடுங்கள்.

கர்ப்பிணிகள் 28 வாரத்துக்குப் பிறகு ஒருக்களித்துப் படுப்பது நல்லது. முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை, முதுகுக்கு அண்டையாக ஒன்று வைத்தால் இதமாக இருக்கும். இதற்கென்று விற்கும் பெரிய தலையணை வேண்டியதில்லை. சுருட்டிய போர்வை போதும்.

தூக்கத்துக்குச் செலவில்லாத வழிகள்

வளர்ந்தவர்களுக்கு இரவில் 7 மணி நேரமாவது தூக்கம் வேண்டும். 6 முதல் 12 வயதுப் பிள்ளைகளுக்கு 9 முதல் 12 மணி, 13 முதல் 18 வயதினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை.

தினமும் ஒரே நேரத்தில் எழுந்திருங்கள். பிற்பகலுக்குப் பிறகு காப்பி, டீ வேண்டாம். குடித்து ஐந்து மணி நேரம் ஆன பிறகும் அதன் சத்தில் ஏறக்குறைய பாதி உடம்பில் இருக்கும். செல்போனைப் படுக்கைக்குக் கொண்டுபோகாதீர்கள். படுத்து இருபது நிமிடம் போலாகியும் தூக்கம் வராவிட்டால் புரண்டுகொண்டு கிடக்காமல் எழுந்து உட்காருங்கள், கண் சொருகும்போது போய்ப் படுங்கள். மது குடித்தால் தூக்கம் வருவதுபோல் தோன்றும், நடு இரவில் கலைந்துவிடும்.

தலையணை உறையை வாரம் ஒருமுறை வெந்நீரில் துவைத்து, தலையணையை வெயிலில் காயவையுங்கள். தும்மலும் இளைப்பும் உள்ள வீட்டில் இது மிகவும் தேவை. மடித்துப் பிடித்துவிட்டால் விரியாமல் அப்படியே கிடக்கும் தலையணைக்கு வயதாகிவிட்டது என்று அர்த்தம். பஞ்சை மாற்றுங்கள்.

பணம் எடுக்கும் முன்

கையில் மூவாயிரம் ரூபாய் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வீட்டில் கொசுத் தொல்லை இருந்தால் முதலில் கொசுவலை வாங்குங்கள். மின்விசிறி ஓடாவிட்டால் அதைப் பழுது பாருங்கள். பிறகு உங்கள் அளவுக்கு ஒரு இலவம் பஞ்சுத் தலையணை. இவ்வளவும் செய்த பிறகும் கழுத்து வலி நிற்காவிட்டால் விலை கூடிய தலையணையை யோசிக்கலாம். அப்போதும், படுத்துப் பார்த்துத் திருப்பிக் கொடுக்க விடும் கடையாகப் பார்த்து வாங்குங்கள்.

30 வயது கடந்தவர்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்த்துக்கொள்ளுங்கள். அதற்குக் கட்டணம் இல்லை. தூக்கம் சரியில்லை என்பதையும் அங்கே தயங்காமல் சொல்லுங்கள்.

நினைவில் வையுங்கள்

* விலையைப் பார்க்கும் முன் உயரத்தை அளந்து பாருங்கள்.
* தலையணை எண்ணிக்கை கூடினால் இருதயத்தைப் பரிசோதியுங்கள்.
* குறட்டையோடு மூச்சு நின்றால் டாக்டரைப் பாருங்கள்.
* ஒரு வயதுக்குள் குழந்தைக்குத் தலையணை கூடாது.

படித்தபின் இந்தத் தாளைப் பக்கத்து வீட்டாருக்கும் கொடுங்கள்.